நட்டால் காடாகுமா? – கரையோரம் மீளுதல் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற மாரியில் எமது ஊரவர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். ஊர்க் களப்புக் கரையில் கண்டல் நடுவதற்குக் காசு சேர்க்கிறார்கள். ஒரு கன்றுக்கு இத்தனை குரோனர் என்று கணக்குப் போட்டுத் துண்டுப்பிரசுரமும் அடித்தாயிற்று. "சேர், நீங்கள் முந்திப் படிப்பிச்ச ஆள். உங்கட பேரும் கீழ இருந்தால் சனம் நம்பிக் காசு தரும்" என்றார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

இக்கட்டுரை அந்த யோசனைதான். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை எல்லோருக்குமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள வேறு ஊர்ச் சங்கங்களும் இதே மாதிரியான வேலைகளில் இறங்கியிருப்பதாக அறிகிறேன். நல்ல நோக்கத்தைக் கேள்வி கேட்பது எம்மவர் மத்தியில் துரோகமாகப் பார்க்கப்படுவதும் உண்டு. அப்படியிருந்தும் கேட்கத்தான் வேண்டும்.

நான் கிழக்கிலங்கையில் விலங்கியல் படிப்பித்தவன். இப்போது நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இப்பகுதி மீன் தொழிற்சாலைகளில் 1980களிலிருந்தே தமிழர் நிற்கிறார்கள். எனக்கு முன் வந்தவர்களிடம்தான் கத்தி பிடிக்கப் பழகினேன். என் கேள்விக்கான பதிலின் முதற்பாதி இந்தக் குளிர்க்கடலில்தான் எனக்குக் கிடைத்தது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். கண்டலுக்குப் பிறகு வருகிறேன்.

கடலடியில் ஒரு காடு

எமது தொழிற்சாலைக்கு 'ஸ்ரைன்பித்' என்றொரு மீன் வரும். கல்லைக் கடிப்பது என்று பொருள். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாயில் அரைக்கும் பற்கள். குடல் எடுக்கும்போது சிலவற்றின் வயிற்றில் நொறுங்கிய பச்சை ஓடுகளும் முட்களும் கை நிறைய வரும். முதல் தடவை கண்டபோது பக்கத்தில் நின்ற நோர்வேஜியப் பெண்மணியிடம் காட்டினேன். "குறோக்கபொல்ல" என்றார். காகப் பணிஸ் என்று தமிழில் சொல்லலாம். எமது பாடப்புத்தகங்களில் கடல்முள்ளி. உருண்டை ஓட்டின்மேல் முள்ளு நிறைந்து, பாறையில் ஊர்ந்து பாசியைச் சுரண்டித் தின்னும் உயிரினம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சிறுமியாகத் தகப்பனோடு தோணியில் போகும்போது குனிந்து பார்த்தால் கீழே 'தாரே' காடாக நிற்குமாம். பிறகு ஒரு காலத்தில் வெறும் பாறைதான் தெரிந்ததாம்.

தாரே என்பது கெல்ப் என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படும் பெரிய பழுப்புக் கடற்பாசி. நோர்வேயின் திறந்த கரையோரங்களில் வளரும் பெருந்தாரே வேர்போன்ற பிடியால் பாறையைப் பற்றிக்கொண்டு, ஆளுயரத்துக்கும் மேலே தண்டு விட்டு நிற்கும். அதன் தண்டில் சிறுபாசிகள் ஒட்டி வளரும். அந்தச் சிறுபாசிகளுக்குள் இறால் இனத்துச் சிற்றுயிர்களும் நத்தைகளும் ஒளிந்து வாழும். ஒரு தாரேயில் மட்டும் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும். நாங்கள் தொழிற்சாலையில் அறுக்கும் கொட் மீனின் குஞ்சும் அங்கே ஒதுங்கி வளரும். எமது களப்பில் கண்டல் வேர்களுக்கிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்வது போலத்தான்.

1970களின் தொடக்கத்தில் மத்திய நோர்வேயிலிருந்து ரஷ்ய எல்லை வரையான கரையில் பச்சைக் கடல்முள்ளி பெருகியது. சுமார் 2,000 சதுர கிலோமீற்றர் தாரேக் காட்டைத் தின்று தீர்த்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். ஏன் பெருகியது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. அதிகம் பேசப்படும் விளக்கம், முள்ளியைத் தின்னும் கரையோர மீன்கள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன என்பது. என் கையில் குடல் கிழிந்த அந்த ஸ்ரைன்பித்தும் அவற்றில் ஒன்று.

இப்படியொரு தொடர்பு இருக்க முடியும் என்பது பசுபிக் கரையில் காட்டப்பட்டது. அலாஸ்காவை அடுத்த அலூசியன் தீவுகளில் தோலுக்காகக் கடல் நீர்நாய்களை வேட்டையாடி அழித்தார்கள். 1911இல் ஓர் உடன்படிக்கை வேட்டையை நிறுத்தியது. சில தீவுகளில் அவை திரும்பிப் பெருகின, சிலவற்றில் இல்லை. ஜேம்ஸ் எஸ்ரிஸ், ஜோன் பால்மிசானோ ஆகிய இருவரும் இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டு 1974இல் எழுதினார்கள். நீர்நாய் உள்ள தீவில் முள்ளி குறைவு, காடு செழிப்பு. நீர்நாய் இல்லாத தீவில் முள்ளி நிறைவு, பாறை மொட்டை. காட்டைக் காத்தது காட்டில் வேர்விட்ட எதுவுமல்ல, அங்கே வந்து இரைதேடிய ஒரு விலங்கு.

பாழும் தன்னைக் காத்துக்கொள்ளும்

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காடு போனபின் தின்ன ஒன்றுமில்லாமல் முள்ளிகள் பட்டினியில் சாகும், காடு தானாகத் திரும்பும் என்று எவரும் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. முள்ளிகள் சாகவில்லை. உடல் மெலிந்து, ஓட்டுக்குள் சினைகூட இல்லாமல், பாறையில் படியும் மெல்லிய பாசிப் படலத்தைச் சுரண்டியபடி வருடக்கணக்காக உயிரோடு கிடந்தன. முளைவிடும் ஒவ்வொரு தாரேக் குருத்தையும் அன்றன்றே தின்றன. காடு இருந்த காலத்தில் முள்ளிக் குஞ்சுகளைத் தின்ற சிறு வேட்டையுயிர்களுக்கு இப்போது ஒதுங்க இடமில்லை. ஆகவே முள்ளிக் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பின. வட நோர்வேயின் பெரும்பகுதி பல தசாப்தங்கள் இப்படியே கிடந்தது.

2015இல் உலகின் பல கடல்களில் நடந்த இத்தகைய மாற்றங்களை ஒன்றாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. காட்டைப் பாழாக்குவதற்கு எவ்வளவு முள்ளி சேரவேண்டுமோ, அதில் ஏறக்குறையப் பத்திலொரு பங்காக அவற்றைக் குறைத்தால்தான் பாழ் மறுபடி காடாகும் என்பது அதன் முடிவு. போன வழியால் திரும்பி வர முடியாது. கேடு தொடங்கிய இடத்துக்குக் கேட்டின் அளவைக் குறைப்பது போதாது. அதற்கும் வெகு கீழே போகவேண்டும்.

கனடியச் சூழலியலாளர் ஹொலிங் 1973இல் எழுதிய கட்டுரையொன்று இதை விளங்க உதவும். எவ்வளவு அடி வாங்கியும் தன் உள் உறவுகள் குலையாமல் நிற்கும் ஆற்றலை அவர் ஒரு கருத்தாக வரையறுத்தார். அதைத் தமிழில் 'மீளுந்திறன்' என்று எழுதுகிறோம். எமது சனத்தைப்பற்றி அறிக்கை எழுதுவோருக்கு மிகவும் பிடித்த சொல்லும் அதுதான். 'மீளுந்திறன் மிக்க மக்கள்' என்று எழுதிவிட்டால் அவர்களுக்கு வேறொன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் ஹொலிங் சொன்ன பொருளுக்கு 'தாங்குதிறன்' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அது நல்லதுக்கு மட்டும் உரிய குணமல்ல. காட்டுக்கு அது இருப்பதுபோலப் பாழுக்கும் இருக்கிறது. பாழும் ஓர் ஒழுங்கு. அதற்கும் அதைக் காக்கும் உறவுகள் உண்டு.

ஆகவே மீட்டெடுக்க விரும்புகிறவன் முதலில் கேட்கவேண்டியது 'எது போயிற்று?' என்பதல்ல. 'இந்தப் பாழை இப்போது பிடித்து வைத்திருப்பது எது?' என்பதுதான்.

அந்தப் பிடியைத் தளர்த்தினால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஹான்ஸ் பேத்தர் லைனாஸ், ஹார்ட்விக் கிறிஸ்டி ஆகிய இருவரும் வட நோர்வேயின் பாழ்ப்பகுதி ஒன்றில் முள்ளிகளை அகற்றிச் செய்த பரிசோதனையை 1996இல் வெளியிட்டார்கள். சில வாரங்களில் நூல்போன்ற பாசிகள் பாறையை மூடின. அடுத்து, வேகமாக வளரும் சர்க்கரைத் தாரே வந்தது. மூன்று நான்கு வருடங்களில் பெருந்தாரே மெல்ல மெல்ல மேலோங்கியது. ஒருவரும் ஒரு கன்றும் நடவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வித்து நீரில் இருந்தது. அது ஊன்ற இடம் கிடைத்தது. வேறொன்றும் தேவைப்படவில்லை.

பின்னாளில் சுட்ட சுண்ணாம்பைக் கடலடியில் தூவி முள்ளிகளைக் கொல்லும் முறையும் வட நோர்வேயில் பரிசோதிக்கப்பட்டது. சுண்ணாம்பு பட்ட இடத்தில் முள்ளியின் தோல் வெந்து அது சாகிறது. அங்கேயும் தாரே தானாகவே வந்தது. ஆனால் சுற்றிலும் முள்ளி நிறைந்த இடங்களிலிருந்து அவை திரும்ப ஊர்ந்து வரும். வருகிறவற்றை யார் தின்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

காடு தோற்றத்தில் திரும்பிவிட்டால் எல்லாம் திரும்பியதாகவும் ஆகாது. நோர்வேயின் மேற்குக் கரையில் தாரேயை இழுவை இயந்திரத்தால் அறுவடை செய்கிறார்கள். உணவிலும் மருந்திலும் சேர்க்கும் அல்ஜினேற் இதிலிருந்து வருகிறது. ஒருமுறை இழுத்த இடத்தைச் சில வருடங்கள் விட்டுப் பிறகு மறுபடி இழுப்பார்கள். அந்த இடைவெளியில் தாரே வளர்ந்துவிடும். ஆனால் ஆறு வருடம் கழிந்தும் தண்டில் ஒட்டிவளரும் சிறுபாசிகளும் அவற்றில் வாழும் உயிர்களும் பழைய அளவுக்கு வந்து சேராததை ஆய்வுகள் காட்டின. மேலிருந்து பார்ப்பவருக்குக் காடு. உள்ளே குடியிருப்பவர் இல்லாத வீடு.

வெளியிலிருந்து வந்த நண்டு

1990களிலிருந்து மத்திய நோர்வேயில் தாரே தெற்கிலிருந்து வடக்காகத் திரும்பி வருகிறது. அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. கடல் சூடாகுவதால் பச்சை முள்ளியின் குஞ்சுகள் அங்கே பிழைப்பது குறைகிறது. அதே சூட்டைப் பின்தொடர்ந்து வடக்கே வரும் பழுப்பு நண்டு முள்ளிகளைத் தின்கிறது. இதைக் கேட்டு, சூடு நல்லதுதானே என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. நோர்வேயின் தென்கரையில் வெப்பமான கோடைகளும் நிலத்திலிருந்து வரும் உரச்சத்தும் சேர்ந்து, 2000ஆம் ஆண்டுக்குப் பின் சர்க்கரைத் தாரேயைப் பல இடங்களில் இல்லாமலாக்கின.

எமது பக்கத்தில், கிழக்குப் பின்மார்க்கில், கதை இன்னும் சிக்கல். 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் பசுபிக்கிலிருந்து சிவப்பு இராட்சத நண்டைக் கொண்டுவந்து மூர்மன்ஸ்க் பக்கத்துக் கடலில் விட்டார்கள். 1977இல் அது நோர்வேயின் வரங்கர் குடாவில் பிடிபட்டது. வேலைத்தலத்தில் எங்கள் பெடியன் ஒருவன், "அண்ணை, இதுவும் எங்களைப்போலதான், றஷ்யாவாலதான் வந்தது" என்பான். சிரிப்போம்.

இந்த நண்டு மென்மையான சேற்றடியில் வாழும் சிப்பி, புழு, நட்சத்திரமீன் என்று அகப்பட்டதையெல்லாம் தின்று அவ்விடத்தை வறிதாக்குகிறது. அதேவேளை முள்ளியையும் தின்கிறது. அது பெருகிய சில குடாக்களில் முள்ளி குறைந்து தாரே திரும்புவதை அண்மைய ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இன்று அதற்கு நல்ல விலை. அதனால் அரசின் சட்டம் கடலை இரண்டாகப் பிரித்திருக்கிறது. கிழக்கு நெடுங்கோடு 26 பாகைக்குக் கிழக்கே அது பங்கீட்டு அளவுப்படி பிடிக்கவேண்டிய செல்வம். மேற்கே எவரும் எவ்வளவும் பிடித்து ஒழிக்கவேண்டிய அந்நியன். ஒரே நண்டு.

இதிலிருந்து 'வந்தேறிகள் நல்லவர்கள்' என்றோ 'கெட்டவர்கள்' என்றோ பாடம் படிக்க நான் வரவில்லை. மனிதரை நண்டுக்கு ஒப்பிடுவது இங்குள்ள சில கட்சிகளுக்குப் பிடித்த வேலை. அதை நாங்களும் செய்யத் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு. 'பழைய நிலை' என்ற ஒன்றுக்கு அப்படியே திரும்பும் வழி இங்கே கிடையாது. கடல் முன்னைய கடலல்ல, வேட்டையுயிர் முன்னைய வேட்டையுயிர் அல்ல. மீட்டல் என்பது எது திரும்பவேண்டும், யாருக்காக, எதை விட்டுக்கொடுத்து என்ற தெரிவு. அது விஞ்ஞானி தனியே எடுக்கும் முடிவுமல்ல, காசு கொடுப்பவர் தனியே எடுக்கும் முடிவுமல்ல.

நான் நட்ட கண்டல்

இப்போது பதிலின் மற்றப் பாதி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கண்டல் நடுவது எங்கும் ஒரு இயக்கமாக எழுந்தது. 2005இல் நானும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு களப்புக் கரைக்குப் போனேன். செலவை ஒரு தொண்டு நிறுவனம் ஏற்றது. முழங்கால் சேற்றில் நின்று இரண்டு நாட்களில் ஆயிரக்கணக்கான கண்டல் முளைகளை நட்டோம். படம் எடுத்தோம். அறிக்கையில் விஞ்ஞான ஆலோசகராக நான் கையெழுத்து வைத்தேன்.

2007இல் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். சேற்றில் வரிசையாகக் காய்ந்த குச்சிகள் நின்றன. கொட்டலசு மொய்த்துச் சில சாய்ந்து கிடந்தன. கரையோடு நட்டவற்றை மாடு கடித்திருந்தது. பச்சையாக நின்றவற்றை இரண்டு கை விரலால் எண்ணலாம். நான் அதை யாருக்கும் எழுதவில்லை. நிறுவனம் கேட்கவுமில்லை. அறிக்கையில் 'நடப்பட்டவை' என்றொரு நிரல் இருந்தது. 'பிழைத்தவை' என்றொரு நிரல் இருக்கவில்லை. அப்போது யுத்தமும் மறுபடி தொடங்கியிருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் எழுதாததை வேறு ஆட்கள் எழுதினார்கள். ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்ரேயரில் நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்ரேயர் அளவில்தான் வெற்றி. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. காரணங்களை வாசித்தபோது என் களப்புக் கரையே கண்முன் வந்தது: பொருந்தாத மண்ணும் மட்டமும், பொருந்தாத இனம், கொட்டலசு, மாடு, நட்டபின் பராமரிப்பு இல்லாமை.

இதை விளக்கவேண்டும். கண்டல் தண்ணீர் மரமென்றாலும் எப்போதும் தண்ணீருக்குள் நிற்க முடியாது. சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, நீர் ஏறி இறங்கும் பட்டியில்தான் அது வேரூன்றும். இலங்கையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அந்தப் பட்டி மிக ஒடுக்கமானது. ஒரு சாண் கீழே நட்டால் மூச்சடைத்துச் சாகும். நாங்கள் அந்தச் சாணுக்குக் கீழேதான் நட்டோம்.

ஏன் அங்கே நட்டோம்? அது யாருக்கும் சொந்தமில்லாத வெறும் சேறு, கேட்க ஆளில்லை. முன்பு உண்மையில் கண்டல் நின்ற மேட்டில் வேலியும் வளவும் இறால் குளமும் வந்துவிட்டன. அங்கே நடுவதற்குக் காணி உரிமையைப் பேசவேண்டும். ஏன் அந்த இனத்தை நட்டோம்? அதன் நீண்ட முளை பொறுக்கச் சுலபம், சேற்றில் குத்தினால் போதும், படத்திலும் நன்றாகத் தெரியும். அந்தக் கரைக்கு வெண்கண்டலோ தில்லையோ உரியதா என்று பார்க்கவில்லை. வேட்டையுயிர் இல்லாத கடலில் தாரேக் குருத்தை ஒட்டிவைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பாழைப் பிடித்து வைத்திருந்த கையைத் தொடாமல், அதன் மேல் கன்றை வைத்தோம்.

வேறு வழி உண்டு. புளோரிடாவில் றொபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் பல தசாப்தங்களாக இதைச் செய்து காட்டினார். முதலில் நிலத்தின் மட்டத்தையும் நீர் வந்துபோகும் வாய்க்கால்களையும் சரிசெய்தார். வித்து மிதந்து வர வழிவிட்டுப் பொறுத்திருந்தார். வித்து வரவே வராத இடத்தில் மட்டும் நடலாம் என்பது அவர் கருத்து. எமது களப்புகளில் இதற்கு அர்த்தம், தெருப் போட்டபோது விடாமல் போன ஒரு மதகாக இருக்கலாம். கைவிடப்பட்ட இறால் குளத்தின் அணையை இரண்டு இடத்தில் வெட்டிவிடுவதாக இருக்கலாம். மாடு வராமல் மூன்று வருடம் ஒரு வேலியாக இருக்கலாம். இவற்றைக் கன்று கணக்கில் விற்க முடியாது.

தம்பிக்குப் பதில்

பின்பு அந்த இளைஞரை நானே அழைத்தேன். காசு சேர்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகு என் பெயரைப் போடலாம் என்றேன்.

இந்தக் கரையில் முன்பு கண்டல் நின்றதா? நின்றதென்றால் எது அதை அழித்தது, அந்தக் காரணம் நின்றுவிட்டதா? நின்றபிறகும் தானாக ஏன் முளைக்கவில்லை? அந்தக் கரையில் வலை வீசுகிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் என்ன சொல்கிறார்கள்? மூன்றாம் வருடம் உயிரோடு நிற்பதை யார் எண்ணி, எங்கே வெளியிடுவார்கள்?

அவர் சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சேர், மதகுக்குக் காசு கேட்டால் ஆர் தருவினம்? படம் எடுத்துப் போடவும் ஒண்டும் இராதே" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. குளிரில் நின்று உழைத்த காசைக் கொடுப்பவருக்குத் தன் பெயரில் ஒரு மரம் ஊரில் நிற்கிறது என்ற எண்ணம் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை, எனக்கும் அது தேவைப்படுகிறது. ஆனால் அந்த மரம் நிற்கவேண்டும். நிற்காத மரத்துக்குக் கணக்குக் காட்டிய ஒருவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஒன்றியம் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஊரில் உள்ள மீனவர் சிலரோடு பேசி, களப்பு நீர் மாரியிலும் கோடையிலும் எங்குவரை ஏறுகிறது என்று ஒரு வருடம் அடையாளம் வைத்துப் பார்க்க இரண்டு ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் தேவை ஒரு அளவுகோலும் ஒரு கொப்பியும்தான். அந்தக் கொப்பி நிறைந்தபின் துண்டுப்பிரசுரத்தைத் திருத்தி எழுதலாம் என்பது என் யோசனை. இதில் மாறுபட்ட கருத்துள்ளவர்கள், குறிப்பாக ஊர்ச் சங்கங்களில் வேலை செய்பவர்கள், அடுத்த இதழில் எழுதவேண்டும். உங்கள் சங்கம் நட்டவற்றில் எத்தனை இன்று நிற்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.